நிழலுக்குப் போட்ட டாப் உயிரைக் காக்காது

கேள்வி: ஆலங்குடிப் பக்கம் தைலமரம், சவுக்கு வெட்டும் கான்டிராக்ட் எடுத்துச் செய்கிறேன். இரண்டு டிராக்டர் இருக்கிறது. ஒன்றில் பின்னால் 3 டன் வின்ச் (கம்பிக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை). நான்கு செயின் சா, ஒரு டிப்பர் (டிராக்டர் பெட்டி), தேவைப்படும்போது வாடகைக்குக் கட்டையைக் கவ்வித் தூக்கும் கிராப் மாட்டிய ஹிட்டாச்சி. சென்ற மாதம், அடிக்கட்டையில் சிக்கிக்கொண்ட மரத்தைச் சங்கிலி போட்டு இழுத்தபோது டிராக்டரின் முன்சக்கரம் இரண்டடி மேலே எழுந்துவிட்டது. டிரைவர் கிளட்ச்சை மிதித்ததால் தப்பித்தார். இப்போது கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சில்வர் ஓக் எடுக்கும் வேலை வந்திருக்கிறது. வண்டிகளுக்கும் மிஷின்களுக்கும் என்ன பாதுகாப்பு ஏற்பாடு என்று எழுத்தில் கேட்கிறார்கள். எதை முதலில் செய்வது? டிராக்டர் இரண்டிலும் இரும்புப் பைப்பில் டாப் போட்டிருக்கிறோம், அது போதுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: போதாது. சில நேரம் அந்த டாப் இல்லாமல் இருப்பதே மேல். பட்டறையில் போடும் டாப்புக்குச் சதுரப் பைப்பில் நான்கு கால், மேலே தகரமோ தார்ப்பாயோ. அந்தக் கால்களை எதில் போல்ட் போட்டிருக்கிறார்கள் என்று குனிந்து பாருங்கள். பெரும்பாலும் மட்கார்டுத் தகட்டில் இருக்கும். 45 எச்.பி. டிராக்டரின் எடை சுமார் 2 டன். அது மல்லாந்தால் மட்கார்டுத் தகடு கிழிந்து நான்கு பைப்பும் டிரைவர் மேலேயே மடங்கும். குதித்துத் தப்பலாம் என்று பார்த்தால் அதே பைப் வழியை மறிக்கும். அது வெயிலுக்குப் போட்டது, அவ்வளவுதான்.

கவிழ்ந்தால் ஆளைக் காப்பாற்றும் இரும்புச் சட்டத்தை ரோப்ஸ் என்பார்கள். பார்த்தவுடன் அடையாளம் காணலாம். அதன் கால்கள் மட்கார்டில் நிற்காது. பின் அச்சின் வார்ப்பிரும்புக் கூட்டில் 8.8 தரமோ அதற்கு மேலோ உள்ள போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். அதில் ஒரு தகடு ஒட்டியிருக்கும்: எந்த மாடல் டிராக்டருக்கு, எந்தச் சோதனையில் தேறியது என்று. சர்வதேசச் சோதனை முறைகளான ஓ.இ.சி.டி. கோட் 4 அல்லது ஐ.எஸ்.ஓ. 5700 என்று இருந்தால் சரி. உள்ளூரில் கனமான பைப் வாங்கி நாமே வெல்டிங் வைத்துவிடலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். வேண்டாம். ரோப்ஸின் வேலை உடையாமல் விறைத்து நிற்பது மட்டும் அல்ல. அளவாக வளைந்து அடியை உள்வாங்கிக்கொண்டு, டிரைவர் உட்காரும் இடத்தை மட்டும் விட்டுக்கொடுக்காமல் இருப்பது. பட்டறை வெல்டிங் வளையாது, இணைப்பில் பட்டென்று விட்டுவிடும். தேறிய சட்டத்தில்கூட விளக்கு மாட்ட ஓட்டை போடுவது, கொக்கி வெல்டிங் வைப்பது கூடாது. ஒரு முறை வளைந்துவிட்டால் நிமிர்த்தக் கூடாது, மாற்ற வேண்டும்.

நம் ஊரில் விற்கும் டிராக்டர்களில் பெரும்பாலானவை ரோப்ஸ் இல்லாமல்தான் வருகின்றன. ஆனால் இதே கம்பெனிகள் வெளிநாட்டுக்கு அனுப்பும் வண்டிகளில் அது இருக்கிறது. டீலரிடம் 'ரோப்ஸ் இருக்கிறதா' என்று கேட்டால் கையை விரிப்பார். உங்கள் மாடல் எண்ணைச் சொல்லி, அதற்கான ஏற்றுமதிக் கிட் கம்பெனியில் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். கிடைக்காத மாடல் டிராக்டரைச் சமவெளியில் கட்டை சுமக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், கோத்தகிரிக்கு ஏற்றாதீர்கள். சுவீடனில் 1959-லேயே புது டிராக்டர்களுக்கு ரோப்ஸைக் கட்டாயமாக்கினார்கள். நாம் இன்னும் டாப்பில் நிற்கிறோம்.

ரோப்ஸ் போட்டால் சீட் பெல்ட்டும் போட வேண்டும். சட்டம் காப்பது அதற்கு உள்ளே இருப்பவரைத்தான். பெல்ட் இல்லாதவர் வெளியே தூக்கி எறியப்பட்டு அந்தச் சட்டத்தின் அடியிலேயே விழுவார். ரோப்ஸ் இல்லாத டிராக்டரில் மட்டும் பெல்ட் கட்டவே கூடாது, தப்பும் கொஞ்ச வாய்ப்பும் போய்விடும். ரோப்ஸ் மடக்கும் வகையாக இருந்தால் கிளைக்கு அடியில் போக மடக்கிவிட்டு அப்படியே ஓட்டுவார்கள். அதற்கு மரவேலையில் இடமில்லை.

வயலுக்கு இரண்டு கால் சட்டம் போதும். மரவெட்டில் மேலிருந்தும் விழும். காய்ந்த கிளை, பக்கத்து மரத்தில் மாட்டித் தொங்கும் துண்டு, இழுக்கும்போது உலுக்கப்பட்டு உடையும் நுனி எல்லாம் டிரைவர் தலைக்கு நேரே இருக்கிறது. ஆகவே நான்கு கால், மேலே அடி தாங்கும் கூரை, பின்னால் கம்பி வலை என்று வேண்டும். விழும் பொருளைத் தாங்கும் கூரைக்குத் தனிச் சோதனை உண்டு. மரவேலை வண்டிகளுக்கு அது ஐ.எஸ்.ஓ. 8083. அமெரிக்காவின் மரவெட்டு விதி, 1995 பிப்ரவரி 9-க்குப் பிறகு வேலைக்கு வந்த டிராக்டர், கட்டை இழுக்கும் ஸ்கிட்டர், கட்டை ஏற்றும் லோடர் ஆகியவற்றுக்கு இந்தப் பாதுகாப்புகளைக் கட்டாயமாக்கியிருக்கிறது. டிரைவரைச் சுற்றியுள்ள வலையின் கண் 2 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்றும், கேபினின் கீழ்ப்பகுதி தகட்டால் அடைத்திருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. கீழ்ப்பகுதிக்கு ஏன் தகடு என்றால், தைலமரத் தோப்பில் சாய்வாக வெட்டிவிட்ட குச்சிக்கட்டை ஒன்று பெடலுக்கு அடியில் புகுந்து காலைக் குத்தும், அல்லது கிளட்ச்சை அதுவே மிதிக்கும். தோட்டத்துக்கு எழுதிக் கொடுக்க அளவுகோல் வேண்டுமென்றால் இந்த விதியையும், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1998-ல் வெளியிட்ட வனவேலைப் பாதுகாப்பு நெறிமுறையையும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சென்ற மாதம் நடந்தது. கிளட்ச் மிதித்துத் தப்பித்தார் என்கிறீர்கள். முன்சக்கரம் எழத் தொடங்கியதிலிருந்து திரும்ப முடியாத நிலைக்குப் போக முக்கால் நொடிதான் ஆகும். ஒன்றரை நொடியில் வண்டி மல்லாந்து தரையில் இருக்கும். எழுவதை மனிதர் கண்டு, காலுக்கு அது போய்ச் சேரவே அவ்வளவு நேரம் பிடிக்கும். அடுத்த முறை கால் முந்தும் என்று நம்பி வேலை செய்ய முடியாது.

எழுந்ததற்குக் காரணம் இது. கட்டை நகரவில்லை, அதனால் பின்சக்கரமும் சுழல முடியவில்லை. ஆனால் என்ஜின் அச்சைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. சக்கரம் சுற்றாதபோது அச்சைச் சுற்றி வண்டியின் உடல்தான் சுற்ற வேண்டும், மூக்கு மேலே போகிறது. சங்கிலியை எங்கே மாட்டியிருந்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மேல்லிங்க்கிலோ (பின்னால் கருவி மாட்டும் மேல் இணைப்பு), அச்சைச் சுற்றியோ, அச்சு மட்டத்துக்கு மேலோ மாட்டியிருந்தால் இழுவையே மூக்கைத் தூக்கும். கம்பெனி வைத்த டிராபாரில் (பின்னால் பெட்டி மாட்டும் கீழ்க் கம்பி), கம்பெனி சொன்ன உயரத்தில் மட்டும்தான் மாட்ட வேண்டும். மற்ற இடத்தில் மாட்ட முடியாதபடி மேல்லிங்க் ஊக்கையே கழற்றி ஸ்டோரில் வைத்துவிடுங்கள். கட்டை சிக்கினால் முதல் கியரில் வைத்துக் கொடுப்பதும், பின்னால் போய் வெடுக்கென்று இழுப்பதும் கூடாது. சங்கிலியைத் தளர்த்தி, கடப்பாரையால் கட்டையைப் புரட்டி, வேறு கோணத்தில் இழுக்க வேண்டும்.

முன்பக்க எடையையும் பாருங்கள். வண்டியும் பின்னால் மாட்டிய வின்ச்சும் சேர்ந்த மொத்த எடையில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு முன் அச்சில் இருக்க வேண்டும். கண்டுபிடிப்பது எளிது. ஊர் எடைமேடையில் வின்ச்சோடு முழு வண்டியை ஒரு முறை நிறுத்துங்கள், பிறகு முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு முறை நிறுத்துங்கள். 2,400 கிலோ வண்டியில் முன்னால் 480 கிலோவுக்குக் குறைவாகக் காட்டினால் பம்பர் எடைக்கட்டி சேர்க்க வேண்டும். வின்ச் மாட்டிய பிறகு ஸ்டியரிங் லேசாகிவிட்டது என்று டிரைவர் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள், முன் எடை குறைந்ததன் அறிகுறி அது.

வின்ச்சால் இழுக்கும்போது கணக்கு வேறு. வின்ச்சின் கீழ்த்தகட்டை மண்ணில் அழுந்த இறக்கிவிட்டால் இழுவை தகடு வழியாகத் தரைக்குப் போகும். தகட்டைத் தூக்கிவைத்தே இழுத்தால் மீண்டும் பழைய கதைதான். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: டிரம்மில் வயர் ரோப் நிறையச் சுற்றியிருக்கும்போது இழுவிசை குறைவு, கடைசிச் சுற்றுகளுக்கு வரும்போது அதிகம். தூரத்துக் கட்டைக்கு ரோப்பை முழுக்க உருவிவிட்டு இழுக்கும் நேரத்தில்தான் ரோப்புக்கு அதிகச் சோதனை. அப்போதும் டிரம்மில் குறைந்தது மூன்று சுற்று மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ரோப்பின் முனையைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்குரூதான் முழுச் சுமையையும் தாங்கும்.

3 டன் வின்ச்சுக்கு 10 மி.மீ. ரோப் பொருத்தமானது, புதிதாக இருக்கையில் அது சுமார் 6 டன்னில்தான் அறும். ஆனால் முனையில் வளையம் எப்படிப் போட்டிருக்கிறீர்கள்? முடிச்சுப் போட்டிருந்தால் பாதி பலம் போயிற்று. கிளாம்பு போட்டிருந்தாலும் ஐந்தில் ஒரு பங்கு குறையும், அதுவும் சரியாகப் போட்டால்தான். கிளாம்பின் கனமான சேணப் பக்கம் சுமை தாங்கும் நீண்ட ரோப்பின் மேல் வர வேண்டும். யூ போல்ட் வெட்டுமுனைப் பக்கம் வர வேண்டும். மாற்றிப் போட்டால் யூ போல்ட் சுமைரோப்பையே நசுக்கும். மூன்று கிளாம்பு, ஒன்றுக்கொன்று 6 செ.மீ. இடைவெளி. முதல் இழுப்புக்குப் பிறகு மூன்றையும் மறுபடி இறுக்குங்கள், ரோப் சுமையில் மெலிந்திருக்கும்.

வாரம் ஒரு முறை ரோப் முழுவதையும் விரித்துப் பாருங்கள். தோல் கையுறையைப் போட்டுக்கொண்டு, கையில் பழந்துணி வைத்து ரோப்பை மெதுவாக உருவினால் அறுந்த கம்பி துணியில் மாட்டிக்கொள்ளும். 10 செ.மீ. நீளத்துக்குள் 6 கம்பி அறுந்திருந்தால் அந்த இடத்தை வெட்டி எறியுங்கள். வெர்னியரில் 9.3 மி.மீ.க்குக் கீழே காட்டினாலும், கோணலாக மடிந்து நிமிர்ந்த தழும்பு இருந்தாலும் அப்படியே. அறுந்த ரோப் சாட்டைபோலத் திரும்பும். டிரைவருக்குப் பின்னால் வலை வைப்பது அதற்காகவும்தான். கப்பி வைத்து ரோப்பைத் திருப்பி இழுக்கும்போது ரோப் 'வி' போல வளைந்திருக்கும். அந்த வளைவுக்கு உள்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. கப்பியோ அதைக் கட்டிய வேரோ விட்டுப்போனால் ரோப் உள்பக்கமாகத்தான் பாயும். அந்தக் கப்பியைக் கட்டும் மரத்துக்கு வின்ச் இழுவையைப் போல் இரு மடங்கு வரை சுமை வரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

எவ்வளவு எடையை இழுக்கிறோம் என்பது கண்ணளவில் தெரியாது. நடுச்சுற்றளவை மீட்டரில் அளந்து, அதையே அதோடு பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 12.57-ஆல் வகுத்தால் கனமீட்டர். பச்சைத் தைலமரத்துக்கு ஒரு கனமீட்டர் ஒரு டன் என்று எடுத்துக்கொள்ளலாம். 94 செ.மீ. சுற்றளவும் 6 மீட்டர் நீளமும் உள்ள கட்டை 420 கிலோ வரும். நான்கை ஒன்றாகக் கட்டினால் 1.7 டன். சமதரையில் அது வரும், சரிவில் மேல்நோக்கி, கட்டைமுனை மண்ணை உழுதுகொண்டு வரும்போது வின்ச்சின் எல்லையை எட்டிவிடும்.

கோத்தகிரியில் முதல் நாள் செய்ய வேண்டியது சரிவை அளப்பது. ஒரு மீட்டர் நீள ரீப்பர், ஒரு ரசமட்டம், ஒரு டேப் போதும். ரீப்பரின் ஒரு முனையை மேட்டில் வைத்து, ரசமட்டம் பார்த்துக் கிடையாகப் பிடித்து, மறுமுனையிலிருந்து தரைக்கு எவ்வளவு என்று அளந்து பாருங்கள். 27 செ.மீ. வந்தால் சரிவு 15 டிகிரி. என் கணக்கில் அதுதான் சாதாரண டிராக்டருக்கு எல்லை, அதுவும் நேரே ஏறி இறங்க. குறுக்காக ஓட்ட அதில் பாதிகூட வேண்டாம். தேயிலைச் சரிவுகள் பலவும் இதைத் தாண்டும். அங்கே டிராக்டர் தோட்டச் சாலையிலேயே நிற்க வேண்டும், ரோப் மட்டும் சரிவுக்குள் போக வேண்டும். நிறுத்தும்போது ஓரத்தைக் கவனியுங்கள். வெட்டிப்போட்ட மண்ணில் அமைந்த ஓரம் மழைக்குப் பின் சக்கரத்தோடு சரியும். பள்ளம் எவ்வளவு ஆழமோ, விளிம்பிலிருந்து குறைந்தது அவ்வளவு தூரம் தள்ளி நில்லுங்கள். கைபிரேக் போட்டு, நான்கு சக்கரத்துக்கும் கட்டை வையுங்கள். கட்டைக்குக் கீழே சரிவில் ஒருவரும் இருக்கக் கூடாது. கொழுந்து பறிப்பவர்கள் அந்தப் பக்கம் வராமல் தடுப்பது யார் பொறுப்பு என்று தோட்டத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

மட்கார்டில் ஆள் உட்காருவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. டிராக்டரில் ஒரு சீட், ஒரு ஆள். இதில் விளக்க ஒன்றுமில்லை.

கிராப் மாட்டிய வண்டி வாடகை என்பதால் உங்கள் பொறுப்பு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வந்தவுடன் மூன்றைப் பாருங்கள். முதலாவது, கிராப்பை மாட்டும் பின்னுக்குப் பூட்டு ஊசி இருக்கிறதா. கம்பித் துண்டைச் செருகி வளைத்துவிட்டிருந்தால் திருப்பி அனுப்பலாம். இரண்டாவது, முன்கண்ணாடிக்கு வெளியே கம்பிச் சட்டம் இருக்கிறதா. கிராப்பின் பிடி நழுவி நீளத் தைலமரம் சரிந்தால், அதன் நுனி நேரே கேபின் கண்ணாடிக்குத்தான் வரும். வண்டியோடு வரும் கண்ணாடி அதைத் தாங்காது. மூன்றாவது, தூக்கும் அளவு. கேபினில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் உள்ள எடையிலிருந்து கிராப்பின் எடையைக் கழித்தது போக மீதிதான் கட்டைக்கு. கை நீள நீள அது வேகமாகக் குறையும். லாரியில் ஏற்றும்போது லாரி டிரைவர் கேபினில் இருக்கக் கூடாது, கட்டை யார் தலைக்கு மேலும் சுழலக் கூடாது. ஆபரேட்டர் இறங்கும்போது கிராப் தரையில், என்ஜின் அணைந்து, சாவி அவர் பையில் இருக்க வேண்டும்.

புதுக்கோட்டைத் தோப்புகளில் மேலே 11 கேவி லைன் குறுக்கே போகும். அமெரிக்க விதிகளில் 50 கேவி வரையிலான லைனுக்குக் குறைந்தது 10 அடி விலக வேண்டும். கிராப்பின் கையும் அது பிடித்திருக்கும் கட்டையும் சேர்ந்த உயரத்துக்குத்தான் இந்தக் கணக்கு. லைனுக்கு நேர் கீழே கட்டை அடுக்கவே கூடாது. அடுக்கினால் அங்கேதான் கிராப் வரும். தப்பித் தவறித் தொட்டுவிட்டால் ஆபரேட்டர் உள்ளேயே இருக்க வேண்டும், மற்றவர்கள் கிட்டே வரக் கூடாது. தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டுமென்றால் இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் குதிக்க வேண்டும். கை வண்டியிலும் கால் தரையிலும் ஒரே நேரத்தில் படக் கூடாது. குதித்த பிறகும் கால்களைச் சேர்த்தே சின்னச் சின்னதாகத் தத்திப் போக வேண்டும். எட்டி நடந்தால் இரண்டு பாதத்துக்கும் நடுவே மின்சாரம் பாயும்.

செயின் சாவுக்கு வருவோம். 58 சிசி என்று மலிவாகக் கிடைக்கும் வாள்களைத்தான் பலரும் வைத்திருக்கிறார்கள். அதைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் தினமும் காலையில் இந்த மூன்று சோதனையில் தேறாத வாளைத் தோப்புக்குள் விடாதீர்கள். தரையில் வைத்து ஸ்டார்ட் செய்து, இரண்டு கையாலும் பிடித்து முழு ரேஸ் கொடுத்து, இடது மணிக்கட்டால் முன் தடுப்பைத் தள்ளுங்கள். செயின் அந்தக் கணமே நிற்க வேண்டும். ஒரு சுற்று ஓடி நின்றால் பிரேக் பட்டை தேய்ந்துவிட்டது அல்லது எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கிறது. அடுத்து, ரேஸ் விட்டு ஐடிலில் வைத்தால் செயின் நகரவே கூடாது. நகர்ந்தால் ஐடில் ஸ்குரூவைக் குறையுங்கள், அதற்கும் நிற்காவிட்டால் கிளட்ச் ஸ்பிரிங் போயிருக்கும். கடைசியாக, பின்கைப்பிடியின் மேலுள்ள பூட்டை அழுத்தாமல் ஆக்சிலேட்டர் இழுபடக் கூடாது. அதை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருக்கும் ஆட்கள் உண்டு.

செயின் ஓடும் நீளத் தகடான பாரின் மூக்கில் மேற்பாதி எதிலாவது பட்டால் வாள் முகத்தை நோக்கி எகிறும். செயினில் ஒவ்வொரு வெட்டுப்பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன முட்டு இருக்கும். அது பல்லைவிட 0.65 மி.மீ. தாழ இருக்க வேண்டும். வேகமாக அறுக்கட்டும் என்று அரத்தால் அதை இன்னும் தேய்ப்பார்கள். பல் மரத்தை அளவுக்கு மீறிக் கடிக்கும், எகிறலும் அதே அளவுக்குக் கூடும். பல் தீட்ட உருண்டை அரம்: .325 செயினுக்கு 4.8 மி.மீ. அரம் சரி. கீழே செயின் பிடிக்கும் ஊக்கு உடைந்திருந்தால் உடனே மாற்றுங்கள், சில ரூபாய்ப் பொருள். செயின் அறுந்தால் வலது கைக்கு அது ஒன்றுதான் தடுப்பு. பெட்ரோல் ஊற்றிய இடத்திலிருந்து 10 அடி தள்ளிப் போய்த்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஆளுக்கு ஹெல்மெட், வலை முகமூடி, காது மூடி, செயின் தாங்கும் கால்சட்டை, பூட்ஸ். இதில் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும் என்றாலும் கால்சட்டையை விடாதீர்கள். லுங்கி கட்டிக்கொண்டு வாள் பிடிப்பதை நிறுத்துங்கள்.

வெட்டும் இடத்துக்கும் இழுக்கும் இடத்துக்கும் நடுவே இரண்டு மர உயரம் தூரம் வேண்டும். 15 மீட்டர் மரமென்றால் 30 மீட்டர். டிராக்டரைச் சும்மா நிறுத்தி வைக்காமல் இன்னொரு பக்கம் வெட்டத் தொடங்குவதில்தான் இது மீறப்படும். பக்கத்து மரத்தில் மாட்டித் தொங்கும் மரத்துக்கு அடியில் வண்டியையும் கொண்டுபோகாதீர்கள். தள்ளி நின்று ரோப்பில் இழுங்கள்.

பட்டை உரிக்கும் மிஷினை பிடிஓவில் (டிராக்டரின் பின்னால் கருவிகளை ஓட்டும் சுழல்தண்டு) மாட்டுகிறீர்கள் என்றால் ஷாஃப்ட்டின் பிளாஸ்டிக் உறை முழுதாக இருக்க வேண்டும். 540 ஆர்.பி.எம். என்பது நொடிக்கு ஒன்பது சுற்று. தோள் துண்டோ முந்தானையோ சிக்கினால் ஆள் கத்துவதற்குள் முடிந்துவிடும்.

அடுத்து லோடு. 10 அடிக்கு 6 அடி டிப்பரில் 3 அடி உயரம் கட்டை அடுக்கினால் 180 கன அடி. இடுக்கு போக மரம் அதில் 60 சதவீதம் என்று வைத்தால் 108 கன அடி, கிட்டத்தட்ட 3 கனமீட்டர், அதாவது 3 டன். பெட்டியின் திறன் 3 டன் என்றால் அந்த உயரத்திலேயே முடிந்தது. ஆனால் நீங்களும் நானும் ரோட்டில் பார்ப்பது ஆள் உயரம். பக்கக் கம்பங்களுக்கு மேல் ஒரு கட்டைகூடத் தலை நீட்டக் கூடாது. முன், பின், பக்கவாட்டில் நீட்டினால் 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் அபராதம் 20,000 ரூபாய், இறக்கும் செலவு தனி. அதிக எடைக்கு 20,000 ரூபாயும், மீறிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும். லோடின் மேல் லோடுமேன் உட்கார்ந்து வருவதை அடியோடு நிறுத்துங்கள்.

டிராக்டரின் இடது வலது பிரேக் பெடல்களை ரோட்டில் ஏறுமுன் கொண்டியால் இணைத்துவிட வேண்டும். இணைக்காமல் ஒன்றை மட்டும் அழுத்தினால், பின்னால் 4 டன் தள்ளும்போது வண்டி சுற்றிக்கொள்ளும். டிராபார் பின்னுக்குப் பூட்டு ஊசியும், தனியாக ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் வேண்டும். இவ்வளவும் இருந்தாலும் மலைச் சாலையில் மேட்டுப்பாளையத்துக்கு டிப்பரில் கட்டை இறக்காதீர்கள். பெட்டிக்குத் தனி பிரேக் இல்லாதபோது டிராக்டரின் பின்சக்கரங்கள் மட்டும் 6 டன்னைப் பிடிக்க வேண்டியிருக்கும். தோட்டத்துக்குள் லாரி நிற்கும் இடம் வரை டிப்பர், அங்கிருந்து லாரி. இறக்கும்போது கட்டுக் கயிற்றைக் கட்டை சரியக்கூடிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நின்று அவிழ்க்க வேண்டும். கிராப் வந்து கட்டையைப் பிடித்த பிறகுதான் கடைசிக் கட்டு.

தைலமரத் தழையில் எண்ணெய் இருப்பது உங்களுக்குத் தெரியும். சைலன்சர் ஓரம், ரேடியேட்டர், வண்டியின் அடித்தகடு ஆகிய இடங்களில் சேரும் தழையைத் தினமும் இரண்டு முறை சுத்தம் செய்யுங்கள். ஒவ்வொரு வண்டியிலும் பவுடர் தீயணைப்பான் ஒன்று, சைலன்சரில் பொறி தடுக்கும் வலை.

எதை முதலில் என்று கேட்டீர்கள். நாளைக்கே, காசில்லாமல்: டிராபாரில் மட்டும் மாட்டுவது, மட்கார்டில் ஆள் ஏற்றாமை, இரண்டு மர உயரம், சாவி பையில். இந்த வாரம்: வயர் ரோப், கிளாம்பு, வாள் பிரேக், கால்சட்டை. கோத்தகிரிக்குப் போகுமுன்: வின்ச் டிராக்டருக்கு ரோப்ஸ், பெல்ட், கூரை, பின்வலை, முன் எடை. டயரையும் பெயின்ட்டையும் மாற்றும் பணம் இதற்குப் பிறகுதான்.

தோட்டத்துக்குக் கொடுக்கும் தாளில் பொதுவான வாக்குறுதிகள் வேண்டாம். ஒவ்வொரு வண்டிக்கும் பதிவு எண், ரோப்ஸ் தகட்டில் உள்ள எண், வயர் ரோப் மாற்றிய தேதி, எடைமேடைச் சீட்டு, ஆபரேட்டர் பெயர், உரிமம் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். கூடவே தினசரிச் சோதனைத் தாளின் மாதிரி ஒன்று. இன்னும் இரண்டை அவர்களிடம் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். மலைப்பகுதி மரங்களைக் காக்கும் 1955-ம் ஆண்டுச் சட்டத்தின்படி வெட்டுவதற்கான அனுமதி, எந்தெந்த மரம் என்ற எண்ணிக்கையோடு. அடுத்தது, பள்ளமும் லைனும் குறித்த தோட்ட வரைபடம்.

இன்ஷூரன்ஸ் பாலிசியையும் எடுத்துப் பாருங்கள். விவசாய உபயோகம் என்று பதிந்த டிராக்டரில் கூலிக்குக் கட்டை ஏற்றினால், விபத்து நேரத்தில் கம்பெனி கையைக் கழுவ வழி இருக்கிறது. தொழிலாளர் இழப்பீடோ உங்களை விட்டுவிடாது. மரம் வெட்டும் வேலை 1923-ம் ஆண்டுச் சட்டத்திலேயே பட்டியலில் இருந்தது. டிராக்டர் பதிவை மாற்றுவதையும் ஆட்களுக்கான பாலிசி எடுப்பதையும் வண்டி மேட்டுப்பாளையம் தாண்டுமுன் முடித்துவிடுங்கள்.